ஓடாத டயரும் தேயும்

அத்திப்பட்டு, மீஞ்சூர்ச் சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருப்பது நமக்குப் பழகிப்போன காட்சி. காமராஜர் துறைமுகத்துக்குள் நுழைய முறை வரும்வரை சில வண்டிகள் பல மணி நேரம் காத்திருக்கும். சரக்குக் கிடைக்காத நாட்களில் வாரக் கணக்கில்கூட ஒரே இடத்தில் நிற்கும். அப்படி நிற்கும் ஒரு வண்டியின் அடியில் மாட்டியிருக்கும் ஸ்டெப்னி டயரைச் சற்றுக் குனிந்து பாருங்கள். பட்டன் தேயாமல் புதிதுபோல இருக்கும். ஆனால் பக்கச் சுவரில் தலைமுடி போன்ற மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும். விரலால் அழுத்தினால் ரப்பர் கொடுக்காது. பழைய செருப்பின் அடிபோல விறைத்திருக்கும்.

சாலையில் உரசினால் டயர் தேயும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. சாலையைத் தொடாத டயர் ஏன் கெட்டது? நூறு கிலோமீட்டர்கூட ஓடாத இந்த டயரை நம்பித்தான் ஓட்டுநர் ஒருநாள் நள்ளிரவில், கவரைப்பேட்டைக்கு அருகே பஞ்சரான சக்கரத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டப் போகிறார். இருபது டன் சுமையோடு கல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறும்போது அது வெடித்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே, டயரைச் சும்மா வைத்திருப்பதற்கும் ஒரு முறை உண்டா, அதன் பின்னால் உள்ள அறிவியல் என்ன என்று பார்ப்போம்.

குளிர்நாட்டு வழக்கம்

டயரை எடுத்து வைப்பது பற்றி அதிகம் யோசித்திருப்பவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை காருக்குக் குளிர்கால டயர் மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். மொன்றியலில் வாழும் நம் தமிழர்களும் ஆண்டுக்கு இருமுறை டயர் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஜெர்மனியில் அக்டோபரில் மாற்றி ஈஸ்டருக்குத் திரும்ப மாட்டுவது வழக்கம். கழற்றிய டயர்களை வீட்டில் வைக்க இடமில்லாதவர்களுக்காகக் கடைக்காரர்களே வாடகைக்கு எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு அங்கே 'டயர் விடுதி' என்றே பெயர்!

வேகமாக ஓடும் கார்களுக்கென்று செய்யப்படும் உயர்தர டயர்களுக்கு இந்த மாற்றம் மிகவும் அவசியம். காரணம் எளியது. ரப்பர் என்றும் ரப்பராகவே இருப்பதில்லை. குளிரக் குளிர அதன் மூலக்கூறுகள் அசைய முடியாமல் உறைந்து, ஒரு கட்டத்தில் அது கண்ணாடிபோல் கெட்டியாகிவிடும். இயற்கை ரப்பருக்கு இந்நிலை வருவது பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸில். ஆனால் சாலையை நன்றாகப் பற்றிக்கொள்வதற்காகக் கலக்கப்படும் செயற்கை ரப்பர்களுக்கு அது இன்னும் மேலேயே வந்துவிடும். முழுதாக உறைவதற்கு வெகு முன்பே விறைப்புத் தொடங்குவதால், கோடைக்கான டயர்கள் சுமார் 7 டிகிரிக்குக் கீழேயே பிடிப்பை இழக்கத் தொடங்குகின்றன. கடுங்குளிரில் வளைத்தால் சிலவகைப் பந்தய டயர்களில் வெடிப்பே விழுந்துவிடும்.

ரப்பரின் இந்தக் குணத்தை உலகம் முழுவதும் பார்க்கும்படி விளக்கியவர் ஓர் இயற்பியலாளர். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. ஏவுகலத்தின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் அன்றைய குளிரில் விறைத்துப்போனதே காரணம் என்பதைக் காட்ட, விசாரணைக் குழுவில் இருந்த ரிச்சர்ட் ஃபெயின்மன் அந்த ரப்பரின் ஒரு துண்டை இடுக்கியால் நெரித்து, மேசைமேல் இருந்த ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தார். இடுக்கியைத் தளர்த்திய பிறகும் ரப்பர் சற்று நேரம் பழைய வடிவுக்குத் திரும்பவில்லை. ஒரு தம்ளர் தண்ணீரில் முடிந்துபோன சோதனை!

நமக்கு இந்தக் கவலை இல்லை. சென்னைப் பக்கம் ஜனவரி அதிகாலையிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. ஆனால் குளிர்நாட்டார் டயரை எடுத்து வைப்பது ஏறத்தாழ ஐந்து மாதம், அதுவும் குளிரான அறையில். இயற்கையே அவர்களுக்குக் குளிர்பதனப் பெட்டி கொடுத்திருக்கிறது. நம்முடைய டயர் காத்திருப்பதோ சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ், கடற்காற்றிலும் புகையிலும். குளிர்காலமே இல்லாத நமக்குத்தான் டயரைப் பத்திரப்படுத்தும் கலை அதிகம் தேவைப்படுகிறது.

உருகிப்போன தபால் பைகள்

ரப்பர் மரத்துப் பாலை உறையவைத்தால் கிடைப்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் குவியல். ஒரு பாத்திரம் நிறைய இடியாப்பம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தாலும் ஒன்றையொன்று கட்டிப்போடவில்லை. சூட்டில் வழுக்கி விலகும். 1830களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர், ரப்பரைப் பக்குவப்படுத்தத் தாம் கண்டுபிடித்ததாக நம்பிய ஒரு முறையில், அரசாங்கத்துக்கு 150 தபால் பைகள் செய்தார். அவற்றை ஓர் அறையில் தொங்கவிட்டுவிட்டுக் குடும்பத்துடன் வெளியூர் போனார். திரும்பி வந்து பார்த்தபோது, கோடை வெப்பத்தில் பைகள் இளகி உருக்குலைந்து போயிருந்தன. ரப்பர்ச் சாமானைச் சேமித்து வைப்பதில் ஏற்பட்ட தோல்வி என்று இதைச் சொல்லலாம். ஆனால் அதன் பயன் பெரிது. விடாமல் முயன்ற குட்இயர், 1839-இல் ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் இருப்பதைக் கண்டார். கந்தக அணுக்கள் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே முடிச்சுப் போடுகின்றன. இடியாப்பம் வலையாகிவிடுகிறது.

நம் திருவொற்றியூரில் 1946-இல் ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய நிறுவனம்தான் 1961-இல் டயர் உற்பத்தியில் இறங்கிய எம்.ஆர்.எஃப். கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் மிச்செலின் ஆலை நடக்கிறது. இந்த ஆலைகளில் எல்லாம் நடப்பது, அடிப்படையில், குட்இயரின் அதே கந்தக முடிச்சுத்தான். கூடவே கரித்தூள் சேர்க்கப்படுகிறது. டயர் கறுப்பாக இருப்பது அதனால்தான். கரித்தூள் டயருக்கு வலுக் கொடுப்பதோடு, சூரியனின் புற ஊதாக் கதிர்களையும் தானே உறிஞ்சிக்கொண்டு ரப்பரைக் காக்கிறது. தொடக்க கால டயர்கள் வெளிர் நிறம்தான். மிச்செலின் விளம்பரத்தில் வரும் குண்டு மனிதர் உடம்பெல்லாம் வெள்ளை வளையமாக இருக்கிறாரே, அவர் 1898-இல் பிறந்தவர் என்பதே அதற்குக் காரணம்.

இங்கே முக்கியமான செய்தி ஒன்று. ஆலையில் போட்ட முடிச்சு அங்கேயே நின்றுவிடுவதில்லை. டயர் விற்பனைக்கு வந்த பிறகும், கிடங்கில் கிடக்கும்போதும், மிகமெதுவாக இரண்டு வேலைகள் தொடர்ந்து நடக்கின்றன. புதிய முடிச்சுகள் விழுந்து ரப்பர் விறைக்கிறது. காற்றில் உள்ள ஆக்சிஜன் உள்ளே ஊறிச் சங்கிலிகளை அறுக்கிறது. இரும்பு துருப்பிடிப்பதைப் போன்றதே இதுவும். துரு கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது என்பதே வேறுபாடு.

பத்து டிகிரிக் கணக்கு

வேதிவினைகளின் வேகத்துக்கு ஒரு தோராயமான கணக்கு உண்டு. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். எல்லா வினைக்கும் இது துல்லியமாகப் பொருந்தாது. ஆனால் ரப்பர் மூப்படைவதை மதிப்பிடப் போதுமானது.

ஒரு பட்டறையில், நடுப்பகலில் தகரக் கூரைக்குச் சற்றுக் கீழே பரண்மேல் வெப்பநிலை 45 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதே கட்டடத்தில் வெயில் படாத வடக்குச் சுவரை ஒட்டித் தரையில் 32 டிகிரி. வித்தியாசம் 13 டிகிரிதான். ஆனால் பரண்மேல் உள்ள டயர் கீழே உள்ளதைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு வேகமாக மூப்படைகிறது. இரவில் இந்த இடைவெளி குறையும் என்பது உண்மையே. இருந்தாலும் நம் பக்கத்துப் பட்டறைகளில் டயரைப் பரணில் ஏற்றிவைப்பதுதான் வழக்கம். தரை வேலைக்கு வேண்டும் அல்லவா? வாடகை கொடுக்கும் தரையை டயருக்கு ஒதுக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் ஒரு லாரி டயரின் விலையையும் மூன்று சதுர அடித் தரையின் வாடகையையும் ஒருமுறை எழுதிப் பார்த்தால் மனம் மாறலாம்.

டயரைச் சேமிக்க 25 டிகிரிக்கு உட்பட்ட அறை வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வதுண்டு. இதை வாசித்துவிட்டு நாம் சோர்ந்துபோக வேண்டாம். கிடைப்பதில் மிகக் குளிர்ந்த மூலை எதுவோ அதைத் தேர்ந்தெடுப்பதே நம் வேலை. ஒரு சாதாரண வெப்பமானியைக் கயிற்றில் கட்டி, பகல் இரண்டு மணிக்குப் பட்டறையின் நான்கு மூலைகளிலும் தொங்கவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வெடிப்பு வைக்கும் வாயு

ஆக்சிஜன் மெதுவாகக் கொல்லும் பகை. ஓசோன் அப்படியல்ல. அது ஆக்சிஜன் அணுக்கள் மூன்று சேர்ந்த வாயு. வானத்தில் வெகு உயரத்தில் நம்மைப் புற ஊதாக் கதிரிலிருந்து காக்கும் அதே ஓசோன், தரைமட்டத்தில் ரப்பருக்கு எமன். காற்றில் பத்துக் கோடிப் பங்கில் சில பங்கே இருந்தாலும் போதும்; இழுத்து நிறுத்தப்பட்ட ரப்பரின் மேற்பரப்பில் சங்கிலிகளைக் கத்தரித்துவிடும்.

'இழுத்து நிறுத்தப்பட்ட' என்பதைக் கவனியுங்கள். அதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். கடையில் விற்கும் ரப்பர் பேண்டுகள் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டை ஆளுக்கு ஒரு தடித்த மரக்கட்டையில் நன்கு விரித்து மாட்டுங்கள். மற்ற இரண்டையும் தளர்வாகவே விடுங்கள். விரித்ததில் ஒன்றையும் தளர்ந்ததில் ஒன்றையும், நேர்வெயில் படாத, ஆனால் காற்றோட்டமான ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். மற்ற இரண்டையும் இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடுங்கள். சில வாரங்களில் முதலில் வெடிப்பு விடுவது ஜன்னலில் விரிந்திருப்பதுதான். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். வெடிப்புகள் இழுவிசைக்குக் குறுக்கே, ஏணிப்படிகள்போல விழுந்திருக்கும். இழுவிசை இல்லாத ரப்பரிலும் ஓசோன் தாக்குகிறது. ஆனால் அறுந்த இடம் விலகித் திறப்பதில்லை. ஆகவே உட்பகுதி மறைந்து தப்பிக்கிறது. இழுத்த ரப்பரிலோ அறுந்த இடம் வாய் பிளக்கிறது. புதிய பரப்பு வெளிப்படுகிறது. ஓசோன் அங்கும் புகுகிறது. கிழிந்த துணியை இரு பக்கமும் இழுத்துப் பிடித்தால் கிழிசல் ஓடுவதைப் போல.

இந்த ஏணிப்படி வெடிப்பு ஒருகாலத்தில் அளவுகோலாகவே பயன்பட்டது. 1940களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கண்ணை எரிக்கும் புகைமூட்டம் அடிக்கடி கவிந்தது. அங்கே ரப்பர்ச் சாமான்கள் சீக்கிரம் வெடித்தன. வாகனப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் எரியாத எண்ணெய் ஆவியும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்பதை 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆரீ ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியலாளர் விளக்கினார். காற்றில் எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று அறிய, வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டுகளை வெளியில் வைத்து, முதல் வெடிப்புத் தோன்ற எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்கும் முறையும் அங்கே கையாளப்பட்டது.

நம் வட்டாரத்தை நினைத்துப் பாருங்கள். வடசென்னை அனல்மின் நிலையம் அத்திப்பட்டில். தெற்கே மணலி ஆலைகள். சாலை முழுதும் டீசல் லாரிகள். மேலே குறைவில்லாத வெயில். ஓசோன் உண்டாக வேண்டிய சரக்கு அனைத்தும் இங்கே இருக்கிறது. இந்தியாவில் 2009-இல் அறிவிக்கப்பட்ட தரத்தின்படி, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம் ஓசோன் வரை இருக்கலாம். கணக்கிட்டால் அது பத்துக் கோடிப் பங்கில் சுமார் 5 பங்கு. மனிதனுக்கு ஏற்றது என்று வகுத்த எல்லைக்குள் இருக்கும் காற்றே, பாதுகாப்பில்லாத ரப்பரை வெடிக்கவைக்கப் போதுமானது என்பது இதிலிருந்து தெரிகிறது. பட்டறைக்குள்ளேயே ஓசோன் பிறக்கும் இடங்களும் உண்டு. வெல்டிங் பொறி அவற்றுள் முதன்மையானது. கார்பன் பிரஷ் தேய்ந்து பொறி பறக்கும் மின்மோட்டார் மற்றொன்று. வெல்டிங் வைக்கும் கொட்டகையில் டயரை அடுக்கிவைப்பது, பாலை உறைமோர்ப் பானைக்குப் பக்கத்தில் மூடாமல் வைப்பதற்கு ஒப்பாகும்.

டயர் செய்பவர்கள் இந்தப் பகைக்கு இரண்டு காவல் வைத்திருக்கிறார்கள். ஒன்று மெழுகு. அது ரப்பருக்குள் கரைந்திருந்து, மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வந்து படலமாகப் பூக்கும். மற்றொன்று, ஓசோனைத் தன்மேல் வாங்கிக்கொண்டு ரப்பரை விட்டுவைக்கும் வேதிப்பொருள். பழைய டயரின் பக்கச் சுவரில் பழுப்பு நிறம் படர்வது பெரும்பாலும் இந்தப் பொருள்தான். அழுக்கு என்று நினைத்து இதை டீசலிலும் மண்ணெண்ணெயிலும் தோய்த்த துணியால் துடைத்துப் பளபளப்பாக்குவதைப் பல சர்வீஸ் நிலையங்களில் பார்க்கலாம். காவல்காரனை அடித்து விரட்டிவிட்டு வீட்டுக்கு வெள்ளையடிப்பது என்று இதைத்தான் சொல்ல வேண்டும். எண்ணெய் காவலை நீக்குவதோடு நில்லாமல், ரப்பருக்குள் ஊறி அதை உப்பவும் வைக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, எண்ணெய்த் தண்ணீரில் ஊறிய டயர்களுக்கும் இதுதான் ஆபத்து. அப்படி நனைந்த டயரைச் சோப்பு நீரில் உடனே கழுவ வேண்டும். உப்பியிருந்தால் கழித்துவிட வேண்டும்.

(அந்தக் காவல் வேதிப்பொருளுக்கு வேறொரு முகமும் இருப்பது 2020-இல் தெரியவந்தது. டயர்த் தூளோடு மழைநீரில் கலந்து ஓடைக்குப் போகும் அது, ஓசோனுடன் சேர்ந்து உருமாறி, அமெரிக்காவின் மேற்குக் கரையில் கோஹோ சால்மன் மீன்களைக் கொன்றது. மாற்றுப் பொருள் தேடும் ஆராய்ச்சி அதன் பிறகு சூடுபிடித்திருக்கிறது.)

மெழுகைப் பற்றி இன்னொரு செய்தி. ஓடும் டயர் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்வதால் மெழுகு உள்ளிருந்து புதிதாகப் பிசைந்து தள்ளப்படுகிறது. நின்ற டயருக்கு இந்த வசதி குறைவு. அடிக்கடி ஓடும் வாடகைக் காரின் டயரைவிட, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் காரின் டயர் சீக்கிரம் வெடிப்பு விடுவதற்கு இது ஒரு காரணம்.

சப்பையாகும் டயர்

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது நாட்டில் வண்டிகள் நின்ற இடத்தில் நின்றன. மாதங்கள் கழித்து எடுத்தபோது பலருக்கு ஓர் அனுபவம். முதல் சில கிலோமீட்டர் தூரம் 'தட்தட்' என்று கார் குதித்தது. டயரின் அடிப்பாகம் சப்பையாகிவிட்டிருந்தது.

இதில் ரப்பரைவிட உள்ளே இருக்கும் நைலான் இழைகளுக்கே பங்கு அதிகம். நைலான் சுமார் 50 டிகிரிக்கு மேல் இளகும். ஆறும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில் இறுகும். ஓடிச் சூடான டயரோடு வண்டியை நிறுத்துகிறோம். தரையில் படிந்த பகுதி தட்டையாகவே ஆறி இறுகுகிறது. மீண்டும் ஓட்டிச் சூடேறினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் மாதக் கணக்கில், பாரத்தோடும் காற்றுக் குறைவோடும், கொதிக்கும் தரையில் நின்றால் சப்பை நிரந்தரமாகிவிடும். அதிவேகக் கார்களின் டயர்களில், வேகத்தில் உப்பாமல் இருப்பதற்காகப் பட்டனுக்கு அடியில் நைலான் சுற்று ஒன்று கூடுதலாக வைக்கப்படுகிறது. அதனால் விலை உயர்ந்த டயர்தான் இந்த வகையில் அதிகம் பாதிக்கப்படுகிறது!

காற்றைப் பற்றியும் ஒரு கணக்கு. நல்ல டயரிலும் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு அழுத்தம் கசிந்துவிடும். அளவுமானியில் 32 பவுண்டு என்றால், வளிமண்டல அழுத்தம் 14.7-ஐயும் சேர்த்து உள்ளே இருப்பது 46.7 பவுண்டு. வெப்பநிலை 27 டிகிரி, அதாவது 300 கெல்வின். 10 டிகிரி ஏறினால் அழுத்தம் முப்பதில் ஒரு பங்கு, சுமார் ஒன்றரைப் பவுண்டு ஏறும். ஆகவே நடுப்பகல் வெயிலில் அளந்துவிட்டு 'காற்று சரியாக இருக்கிறது' என்று திருப்திப்படக் கூடாது. விடியற்காலையில் அளக்க வேண்டும். வண்டியை நீண்ட நாள் நிறுத்துவதானால், தயாரிப்பாளர் சொன்ன உச்ச அளவைத் தாண்டாமல் சில பவுண்டு கூடுதலாகக் காற்றுப் பிடித்து நிறுத்தலாம். வாரம் ஒருமுறை இரண்டடி முன்னும் பின்னும் நகர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். முடிந்தால் ஜாக்கியால் தூக்கி, அச்சுக்கு அடியில் முட்டுக்கொடுத்து நிறுத்துவது இன்னும் நல்லது.

பந்தய டயர்கள்

அத்திப்பட்டுக்கு மேற்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் ஒருகாலத்தில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தது மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தனிப் பந்தயப் பாதை அமைத்த பிறகு பந்தயங்கள் அங்கே போய்விட்டன. ஒரு பந்தயத்துக்கும் அடுத்த பந்தயத்துக்கும் இடையே வாரங்களோ மாதங்களோ டயர்கள் காத்திருக்கும். நம் ஊர்ப் 'பனிக்காலம்' அதுதான்.

பந்தய டயர் மிருதுவான ரப்பர்; 80, 100 டிகிரியில்தான் நன்றாகப் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் அப்படிச் சூடேறி ஆறும்போது புதிய முடிச்சுகள் விழுந்து கொஞ்சம் விறைக்கிறது. எனவே பட்டன் மிச்சமிருப்பதைப் பார்த்து அதன் ஆயுளை மதிப்பிட முடியாது. எத்தனை முறை சூடேறியது என்பதே கணக்கு. பந்தயக் குழுக்கள் ஒரு சிறு ஊசிக் கருவியால் ரப்பரின் கடினத்தை அளந்து ஏட்டில் எழுதிவைக்கின்றன. எடுத்து வைக்கும்போது ரிம்மோடு இருந்தால் காற்றைப் பாதியாகக் குறைக்கின்றன. கல் எடுத்து, துடைத்து, உலரவைத்து, கறுப்புப் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, இருட்டறையில் வைக்கின்றன. பை ஓசோனையும் ஆக்சிஜனையும் தடுக்கிறது. ரப்பரின் எண்ணெய்ப் பசை ஆவியாவதையும் தடுக்கிறது. நாமும் இதைச் செய்யலாம். ஆனால் ஒரு நிபந்தனை: பையில் கட்டிய டயரை மொட்டை மாடியில் வைத்துவிடக் கூடாது. வெயிலில் கறுப்புப் பை அடுப்பாக மாறிவிடும்.

அடுக்குவதிலும் முறை இருக்கிறது. ரிம்மோடு கூடிய சக்கரத்தைப் படுக்கவைத்து நான்கு வரை அடுக்கலாம், அல்லது ரிம்மில் கொக்கி போட்டுத் தொங்கவிடலாம். ரிம் இல்லாத வெறும் டயரைத் தொங்கவிட்டால், தன் எடையாலேயே விளிம்பு கோணிப்போகும். அதை நிமிர்த்தி நிறுத்தி, மாதம் ஒருமுறை சற்று உருட்டிவைக்க வேண்டும். ஈரச் சிமென்ட் தரையில் நேரே வைக்காமல் அடியில் பலகை போடுவது நலம்.

வயதைப் படிப்பது எப்படி?

டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. இந்த எண் சில டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். உள்பக்கம் திரும்பியிருந்தால் குனிந்து தேட வேண்டும். ஐந்து ஆண்டு ஆனபின் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்து ஆண்டு ஆனால் பட்டன் எப்படி இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்பது பல தயாரிப்பாளர்களின் அறிவுரை. அது மிதவெப்ப நாடுகளையும் மனத்தில் கொண்டு சொன்னது. வண்டிக்கு அடியில் வெயிலிலும் புகையிலும் தொங்கும் ஸ்டெப்னிக்கு அவ்வளவு காலம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஐந்து டயரையும் முறைவைத்து மாற்றி மாற்றி ஓட்டினால் ஸ்டெப்னி கிழடாகும் பிரச்சினையே எழாது. செகண்ட் ஹேண்ட் டயர் வாங்குபவர்கள் பட்டனைப் பார்ப்பதற்கு முன் இந்த நான்கு இலக்கத்தைப் பார்க்கட்டும்.

டயருக்குள் ஒரு குளம்

இதுவரை டயருக்கு வரும் கேட்டைப் பார்த்தோம். டயரால் நமக்கு வரும் கேடும் ஒன்று உண்டு. வெளியே போட்ட டயருக்குள் மழைநீர் தேங்கும். அதன் வடிவம் அப்படிப்பட்டது: நிறுத்தி வைத்தாலும், படுக்க வைத்தாலும், கவிழ்த்தாலும் உள்பள்ளத்தில் கொஞ்சம் நீர் நின்றே தீரும். இருட்டும், கதகதப்பும், காற்றில்லாத நீரும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு மிகப் பிடித்தவை. அதன் முட்டை நீர் வற்றிய பிறகும் டயரின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக் கணக்கில் உயிரோடு காத்திருக்கும். அடுத்த மழையில் பொரிக்கும். 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர்ப் பகுதியில், அதுவரை அங்கே வேர்விடாத ஏடிஸ் இனம் ஒன்று பரவியிருப்பது தெரியவந்தது. ஆசியாவிலிருந்து கப்பலில் வந்த பழைய டயர்களோடு அது வந்து சேர்ந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் முடிவுசெய்தனர். டயர் உலகம் சுற்றினால் கொசுவும் கட்டணமில்லாமல் உலகம் சுற்றுகிறது!

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசிக்கு முன்பே பஞ்சர் கடைகளிலும் பட்டறைகளிலும் வெளியே கிடக்கும் டயர்களைக் கூரைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். இடமில்லை என்றால், நீர் தேங்காதபடி சரிவாகத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். வெறும் குழிவாக மூடினால் தார்ப்பாயிலேயே குளம் உண்டாகும். இனி வண்டிக்கு ஆகாது என்று கழித்த டயர்களை நம் பக்கத்து வீடுகளில், காற்றில் தகரம் பறக்காமல் இருக்கக் கூரைமேல் பாரமாக வைக்கிறார்கள். அவற்றைப் படுக்கவைத்தால், கீழ்ப்புறச் சுவரின் பள்ளமான பகுதியில், எதிரெதிராக நான்கு இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு வைக்க வேண்டும். ஒரே ஓட்டை போதாது. கூரையின் சரிவில் அது மேல்பக்கமாக அமைந்துவிட்டால் நீர் கீழ்ப்பக்கத்திலேயே நிற்கும்.